பல்கேரியா அத்தியாயம்

பாஷையூர், யாழ்ப்பாணம்
9 மார்ச் 2025

அன்புத் தங்கச்சி செசீலியாவுக்கு,

காதைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் பாடும் அப்படியே இருக்க வேண்டுமென்று மாதாவை மன்றாடுகிறேன்.

வலது காதும் போய்விட்டது. போன மாதம் நீ போன் எடுத்தபோது நான் "ஓம், ஓம்" என்று சொன்னதெல்லாம் ஒன்றும் விளங்காமல்தான். காதில் மாட்டித் தந்த மெஷின் இரைச்சலை மட்டும் பெரிதாக்குகிறது. வாட்ஸ்அப்பில் தட்டி எழுத என் விரல்களுக்குப் பொறுமையில்லை. ஆகவே இனி எங்களுக்குள் கடதாசிதான். இரண்டு மூன்று கிழமை பிந்தினாலும் எழுத்து எனக்கு நன்றாகக் கேட்கும்.

இன்னொரு விஷயம். நான் ஒரு புத்தகம் எழுதுகிறேன். நாடு காசில்லாமல் படுத்த வருடம் காஸ் சிலிண்டர் வரிசையில் நிற்கும்போது, என்னிடம் உயர்தரத்தில் பொருளியல் படித்த ஒருவன் கேட்டான்: "சேர், ஒரு நாட்டின்ர காசு இப்பிடி விழாமல் கட்டி வைக்க ஒரு வழியும் இல்லையோ?" இருந்தது, எங்களிடமே இருந்தது, 1950இல் கைவிட்டுவிட்டோம் என்றேன். அன்றைக்குத் தொடங்கியதுதான்.

அதற்குப் பெயர் நாணயச் சபை. பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெட்டிக்குள் எவ்வளவு வெளிநாட்டுக் காசு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் உள்நாட்டுத் தாள் அடிக்கலாம். யார் கொண்டுவந்து நீட்டினாலும் சொன்ன விலைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். மந்திரி வந்து கெஞ்சினாலும் மேலதிகமாக ஒரு தாள் இல்லை. மொரிசியஸ், இலங்கை, ஹொங்கொங், பிறகு ஆர்ஜென்டினா, எஸ்தோனியா என்று சின்ன நாடுகள் பல இதைச் செய்து பார்த்திருக்கின்றன. பல்கேரியாவில் இன்றைக்கும் இருக்கிறது. வருகிற வருடம் அவர்கள் யூரோவுக்கு மாறுவார்கள் என்று கதை. மாறினால் அங்கே அந்தச் சபையின் வாழ்வு முடிந்துவிடும்.

என்னிடம் இருப்பது எண்கள் மட்டும். அங்கே காசு விழுந்து சபை வந்த நாட்களைக் கடந்து வந்த ஒரு மனிதரின் வாய்மொழி வேண்டும். உன் ஊரில் பல்கேரியர் யாராவது உண்டோ? தொழிற்சாலையில் கேட்டுப் பார்.

மகன் ஸ்ரான்லிக்கும் மருமகள் லாராவுக்கும் என் ஆசீர்.

அண்ணன்
அலோசியஸ்

•

பீல்
6 ஏப்ரல் 2025

அன்பின் அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. காதைப் பற்றி வாசித்ததும் கவலையாகப் போய்விட்டது. நான் நல்ல சுகம். ஸ்ரான்லியும் லாராவும் லொசானில் சுகமாக இருக்கிறார்கள், அடிக்கடி வந்து போகிறார்கள்.

பல்கேரியரைத் தேடி நான் தூரம் போகவில்லை. என் மாடியிலேயே, எதிர்க் கதவில் ஒருவர் இருக்கிறார். பெயர் ரொசிட்சா. அவரும் விதவை. எத்தனையோ வருடமாகப் படியில் காணும்போது வணக்கம் சொல்வதோடு சரி. இங்கே உடுப்புத் தோய்க்கும் அறை நிலக்கீழ் அறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருக்கும். என் முறை முடிந்து அவர் அறைக் கதவின் திறப்பை வாங்க வந்தபோது கேட்டேன்: "உங்கட நாட்டிலை காசு விழுந்த காலத்தைப் பற்றி என்ர அண்ணை அறிய ஆசைப்படுகிறார்." தோய்க்கக் கொண்டுவந்த படுக்கை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "என்னட்டை அதை ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார். விரிப்பு மெஷினுக்குள் போகாமலே கிடந்தது.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது பாதி ஜெர்மன், பாதி பிரெஞ்சு. அதனால் அவர் சொல்வதை எங்கட தமிழிலேயே எழுதுகிறேன். அவர் ரூஸே என்ற ஊர், டானூப் ஆற்றங்கரை. மருந்துக் கடையில் காசு வாங்கும் இடத்தில் வேலை. 97ஆம் வருடம் மாசி மாதம்தான் உச்சமாம். "காலைமை ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. சனம் மருந்துத் துண்டோடை வந்து நிக்கும். நான் விலையைச் சொன்னவுடனை முகத்தைப் பார்க்கமாட்டன். பார்த்தால் அந்த மருந்தைச் சும்மா குடுத்துப்போடுவன்" என்றார். சம்பளம் எடுத்த அன்றே எதையாவது வாங்கிவிட வேண்டும், அடுத்த நாள் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஒருமுறை கடையில் மிஞ்சியிருந்தது பியானோ வாசிப்பவர் இருக்கும் முக்காலி ஒன்றுதானாம். வாங்கிவிட்டார். வீட்டில் பியானோ இல்லை.

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்.

தங்கை
செசீலியா

•

பாஷையூர்
4 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று அறிந்து ஆறுதல். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடற்காற்று இருப்பதால் தப்பிப் பிழைக்கிறேன்.

அந்த முக்காலியை அப்படியே எழுதிவிட்டேன். இவ்வளவு காலமும் வகுப்பில் பணவீக்கம் படிப்பித்த நான் ஒரு பியானோ முக்காலியைச் சொல்லியிருந்தால் பெடியளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

எங்கள் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 1884இல் இலங்கையில் தாள் அடித்துக்கொண்டிருந்த பெரிய வங்கி ஒரு நாள் கதவை மூடியது. கையில் தாள் வைத்திருந்தவனெல்லாம் வாசலில் நின்றான். ஆளுநர் தன் பொறுப்பில் தாள்களுக்கு உத்தரவாதம் கொடுத்தார். அதன் பிறகுதான் நாணயச் சபை. இந்திய ரூபாயோடு கட்டிப்போட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கட்டு அவிழவில்லை. சுதந்திரம் வந்ததும், சொந்தக் காசுக்குக் கூடச் சுதந்திரம் இல்லையா என்று கேட்டு அவிழ்த்தார்கள். அந்தக் கேள்வியும் பிழையில்லை. அதையும் எழுதத்தான் போகிறேன்.

ரொசிட்சாவிடம் கேள்: வங்கிகள் மூடியபோது அவருடைய சேமிப்பு என்னவாயிற்று? சபை என்று ஒன்று வருகிறது என்று முதலில் யார் சொன்னார்கள்? நம்பினாரா?

அவர் பொறுமையாகப் பதில் சொல்வதற்கு என் நன்றியைச் சொல்லு. நீயும் வேலை முடிந்து களைத்து வந்து எழுதுகிறாய் என்று தெரியும்.

அண்ணன்

•

பீல்
8 ஜூன் 2025

அன்பின் அண்ணாவுக்கு,

இரவு சொல்லும் செபமாலையில் உங்கள் காதுகளுக்கும் ஒரு பத்து மணி சேர்த்துச் சொல்கிறேன். நான் சுகம்.

உங்கள் கேள்விகளோடு போனால் ரொசிட்சா மூன்று நாளைக்கு ஒருமுறை என்னைச் சாப்பாட்டுக்கு மறிக்கிறார். மிளகாயைச் சுட்டுத் தோலுரித்துத் தயிரோடு தருவார். நான் கொண்டுபோன மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு முழு ஜன்னலையும் திறந்து வைத்தார். ஆனாலும் அடுத்த நாள் கிண்ணத்தைத் தட்டி "இன்னும் இருக்கோ?" என்று கேட்டார்.

சேமிப்பு முழுக்கப் போய்விட்டதாம். மூன்றாவது கேள்வியை, நம்பினாரா என்றதை, மொழிபெயர்த்துச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "உன்ர அண்ணை முட்டாள் கேள்வி கேக்கிறார்" என்றார். "வெள்ளத்திலை போறவனட்டை, பலகையை நம்பினியோ எண்டு கேப்பினமோ? பிடிச்சம், அவ்வளவுதான்." சபை என்ற சொல்லை முதலில் ரேடியோவில் கேட்டாராம். மருந்துக் கடை முதலாளி அது ஏதோ புது வரி என்று நினைத்தாராம். அவர்கள் காசில் ஆயிரம் லெவ் ஒரு ஜெர்மன் மார்க் என்று கட்டியதும், "எங்கட காசுக்கு எசமான் ஜெர்மனியிலை இருக்கட்டும், இஞ்சை இருக்கிறவன் எல்லாம் கள்ளன்" என்று கணவர் சொன்னாராம். ரொசிட்சா அவருடன் ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டை அவர் சாகும்வரை தீரவில்லை என்கிறார். சண்டை பிடித்த மேசை இப்போதும் வீட்டில் இருக்கிறது. அதில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம்.

தொழிற்சாலையில் கைக்கடிகாரத்துக்கு முள் பொருத்தும் வேலைதான் இன்னமும். கண்ணாடி மாற்றினேன். ஏரிக்கரை முழுக்கச் சனம். நானும் ரொசிட்சாவும் ஞாயிறு பூசை முடிந்து அங்கே நடந்தோம். அவர் வேறு திருச்சபை, ஆனாலும் என்னோடு வந்து கடைசி வாங்கில் இருந்தார்.

இவ்வளவு நீளமாக நான் கடிதம் எழுதியதில்லை.

தங்கை

•

பாஷையூர்
20 ஜூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

தேகம் சுகம். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், ஒன்று புத்தகத்துக்காக, ஒன்று எனக்காக.

ரொசிட்சா சொன்னது சரி, முட்டாள் கேள்விதான். அதை அப்படியே போடப் போகிறேன், கேட்டவன் முட்டாள் என்ற இடத்தையும் சேர்த்து.

ஆர்ஜென்டினா அத்தியாயம் முடிந்தது. அங்கேயும் கட்டினார்கள், ஒரு பேசோ ஒரு டொலர் என்று. பத்து வருடம் எல்லாரும் கொண்டாடினார்கள். பிறகு அரசாங்கம் கடனில் மூழ்கியது, வங்கிகளை மூடினார்கள், சனம் பானையையும் சட்டியையும் தட்டிக்கொண்டு தெருவில் இறங்கியது. ஒரே மருந்து ஓரிடத்தில் பிழைக்க வைக்கிறது, இன்னோரிடத்தில் கொல்கிறது. ஏனென்று எழுதத்தான் பல்கேரியா வேண்டும். அதுதான் என் புத்தகத்தின் நடு.

ஒரு பெரிய கேள்வி. 1997 ஜூலை முதலாந் திகதி சபை வேலை தொடங்கியது. அன்றைக்கு ரூஸேயில் சனம் எப்படி இருந்தது? ரொசிட்சா என்ன செய்தார்? பதில் வந்தவுடன் அத்தியாயத்தை மகேஸ்வரனின் அச்சகத்துக்குக் கொடுப்பேன்.

அண்ணன்

•

பீல்
14 செப்டம்பர் 2025

அன்பின் அண்ணாவுக்கு,

பதில் பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம். உங்கள் ஊரில் தபாற்காரரின் வேலைநிறுத்தம் என்று அறிந்தேன். இப்போது போட்டால் வரும் என்று நினைக்கிறேன். நான் சுகமாக இருக்கிறேன்.

அமெரிக்கா எங்கள் கைக்கடிகாரங்களுக்குப் பெரிய வரி போட்டிருக்கிறது. ஆட்களை நிற்பாட்டாமல் வேலை நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். கிழமையில் பாதி நாள் வீடு. எழுத நேரம் நிறைய இருக்கிறது.

ரொசிட்சா சொன்னதை எழுதுகிறேன். அன்றைக்குக் கோயில் மணி அடித்ததாம். தெருவில் ஆளையாள் கட்டிப்பிடித்தார்களாம். அவர் மட்டும் வீட்டில் இருந்தாராம்.

அந்த வருடம் முழுக்கத் தனிமை என்கிறார். "ஞாயிற்றுக்கிழமைகளிலை ஸ்டேஷனுக்குப் போய் நிப்பன். ஏறவும் மாட்டன், ஒருத்தரைக் கூப்பிடவும் போகேல்லை. ஆராவது என்ர பாஷையிலை கதைக்கிறது காதிலை விழுமோ எண்டு பார்க்கத்தான். சில நாள் ஒரு குடும்பம் பிள்ளைகளோடை கதைச்சுக்கொண்டு இறங்கும். அவைக்குப் பின்னாலை பஸ் நிலையம் மட்டும் நடப்பன். பேந்து திரும்பி வருவன்." காசு நின்றுவிட்டால் மனம் நிற்கும் என்று நினைத்தாராம்.

இது உதவுமோ தெரியாது.

தங்கை

•

பீல்
16 நவம்பர் 2025

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. அத்தியாயம் அச்சகத்துக்குப் போய்விட்டதோ? அங்கே எல்லாம் சுகம்தானே? மழை பலம் என்று செய்தியில் சொன்னார்கள்.

ரொசிட்சா இன்னும் சில விஷயம் சொன்னார். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் குசினியில் நின்றபடியே சாப்பிடுவாராம். "மேசையிலை இருந்தால் எதிர்க் கதிரையைப் பார்க்கவேணும்" என்றார். வேலைக்குப் போகும்போது ரேடியோவை நிறுத்தாமல் போவாராம், திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஆள் குரல் கேட்கட்டும் என்று. மகன் வருவதாகச் சொன்ன சனிக்கிழமைகளில் இறைச்சி வாங்குவாராம். திங்கட்கிழமை அதைச் சமைக்காமலே உறையவிடக் குளிர்ப் பெட்டியின் மேல்தட்டில் வைப்பாராம். மேல்தட்டில் இனி இடமில்லையாம்.

சபை வந்த பிறகு விலைகள் நின்றன என்றும் சொன்னார். அதையும் போடுங்கள்.

பதில் எழுதுங்கள் அண்ணா.

தங்கை

•

பாஷையூர்
28 டிசம்பர் 2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

முதலில், நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன். புயல் நாட்டை உலுக்கிவிட்டது. எங்கள் ஒழுங்கைக்குள் முழங்காலுக்குத் தண்ணீர் நின்று வடிந்தது. புத்தகங்களைப் பரணில் ஏற்றியதால் தப்பின. உன் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன.

இரண்டையும் சந்தோஷத்தோடு மகேஸ்வரனிடம் கொடுத்தேன். அச்சுப்படி வந்தது. ஸ்டேஷன் வருகிற இடத்தில் அவர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். என்னோடு கதைக்க அவர் சிலேட்டு ஒன்று வைத்திருக்கிறார். அதில் எழுதிக் காட்டினார்: "சேர், இந்த மனிசி சொந்த ஊரிலைதானே இருந்தவ? அங்கை எல்லாரும் அவவின்ர பாஷைதானே கதைச்சிருப்பினம்?"

நான் அச்சுப்படியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் கடிதங்களை வரிசையாக வைத்து வாசித்தேன். ஜூன் வரைக்கும் ரொசிட்சா சிரிக்கிறார், சண்டை பிடிக்கிறார், என்னை முட்டாள் என்கிறார். அவருக்குப் புருஷன் இருக்கிறார், முதலாளி இருக்கிறார், ஊர்ச் சனம் இருக்கிறது. செப்டம்பரிலிருந்து அவர் ஒருமுறையும் சிரிக்கவில்லை. புருஷனையும் காணவில்லை. 97இல் அந்த மனிதர் உயிரோடு அதே மேசையில் இருந்து அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு எந்த எதிர்க் கதிரை வெறுமையாக இருந்தது?

சொந்த ஊரில் இருக்கிற ஒருவர் தன் மொழியைத் தேடி ஸ்டேஷனுக்குப் போகமாட்டார், செசீலியா.

அந்தப் பக்கங்களைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன். நான் கோபமாக இல்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மரியநாயகம் மச்சான் செத்த பிறகு நீ ஒவ்வொரு முறையும் "சுகமாய் இருக்கிறன் அண்ணை" என்றாய். அதை நம்புவது எனக்கு லேசாக இருந்தது. நான் காது கேட்ட காலத்திலும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். ரொசிட்சா எங்கே? ஸ்ரான்லி கடைசியாக எப்போது வந்தான்? யேசு பிறப்பு நாளன்று நீ யாரோடு சாப்பிட்டாய்?

அண்ணன்

•

பீல்
25 ஜனவரி 2026

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால் பெட்டியடியில் நின்றே வாசித்தேன். பிறகு மேலே வந்து சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பவும் வாசித்தேன்.

ரொசிட்சா ஓகஸ்ட் மாதம் போய்விட்டார். மகள் ஊரிலிருந்து காரோடு வந்தாள். "அம்மா இனித் தனிய இருக்க வேண்டாம், என்னோடை வரட்டும்" என்றாளாம். இரண்டு நாளில் வீட்டை ஒழித்துக் காலியாக்கினார்கள். அந்த மேசையை விற்றுவிட்டார்கள். நான் வேலையால் வந்தபோது படியில் வைத்து என்னைக் கட்டிப்பிடித்து, "போன உடனை போன் எடுப்பன்" என்றார். எடுக்கவில்லை. நான் எடுத்தேன், அந்த நம்பர் வேலை செய்யவில்லை. நான் அவருக்கு உங்கள் கேள்விகளைக் கொண்டுபோகிற ஒரு ஆள் மட்டும்தானோ என்று நினைத்துக்கொண்டேன். அதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது.

உங்கள் கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. பதில் இல்லை என்று எழுதினால் நீங்கள் புத்தகத்துக்கு வேறு நாட்டைத் தேடிப் போய்விடுவீர்கள், கடிதமும் நின்றுவிடும் என்று பயந்தேன். நூலகத்தில் பல்கேரியாவைப் பற்றிப் புத்தகம் எடுத்து வாசித்தேன். அதில் திகதிகள் இருந்தன. ஆள் இல்லை. ஆளுக்காக என்னைப் போட்டேன். வேறு யாரைப் போடுவது?

ஸ்ரான்லி போன உயிர்த்த ஞாயிறுக்கு வந்தான். அவன் கெட்ட பிள்ளையில்லை. வேலை, லாராவின் தாய்க்குத் தேக வருத்தம், இப்படி ஒவ்வொன்று. நத்தாருக்கு வருவதாகச் சொல்லிக் கடைசியில் போனில் வாழ்த்தினான். அன்றைக்கு நான் பாணும் பருப்பும் சாப்பிட்டேன், நின்றபடி.

எதிர் வீட்டுக்கு ஒரு இளம் சோடி வந்திருக்கிறது. நல்ல பிள்ளைகள். வணக்கம் சொல்கிறார்கள்.

புத்தகத்தைக் கெடுத்துவிட்டேனோ அண்ணா?

செசீலியா

•

பாஷையூர்
15 பெப்ரவரி 2026

என் தங்கச்சிக்கு,

சுகம் விசாரிக்க மாட்டேன். நீ எழுதிவிட்டாய், போதும்.

புத்தகம் கெடவில்லை. மகேஸ்வரனிடம் அச்சடிப்பதை நிற்பாட்டச் சொல்லிவிட்டேன். அவர் சிலேட்டில் "எப்ப வரைக்கும்?" என்று எழுதினார். தெரியாது என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவசரமில்லை. இது முடிந்தால் உனக்கு என்ன எழுதுவது என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வயது போனவர்கள் போன் எடுக்காமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எனக்கு ஒன்று தெரியும், நான் செவிடன். அவருடையது என்ன என்று நீ கேட்கவே இல்லையே. வீடு மாறிப் போனவரின் விலாசம் உங்கள் கட்டடத்தைப் பார்க்கிறவரிடம் இருக்கும். வாங்கு. வேலை நேரம் குறைந்திருக்கிறது, லீவும் இருக்கும். போய்ப் பார். எனக்காகப் போக வேண்டாம். கேள்வி ஒன்றும் தந்துவிடவில்லை.

அண்ணன்

•

ரூஸே, பல்கேரியா
26 மார்ச் 2026

அன்பின் அண்ணாவுக்கு,

ஆற்றங்கரையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து எழுதுகிறேன். ரொசிட்சா பக்கத்தில் இருக்கிறார். என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம்.

ருமேனியாவில் விமானத்தால் இறங்கி, பஸ்ஸில் பாலம் கடந்து வந்தேன். பீலுக்கு வந்து சேர்ந்த பிறகு ஊருக்குத் தவிர வேறெங்கும் தனியாகப் பயணம் செய்ததில்லை. பஸ்ஸில் ஒருவர் பேசியதும்கூட விளங்கவில்லை, ஆனாலும் எனக்குப் பயமில்லை. விலாசத்தைக் காட்டிக் காட்டி வீட்டைக் கண்டுபிடித்தேன். மணியை அடித்தேன். வெகுநேரம் ஆள் இல்லை. பிறகு சங்கிலி போட்ட கதவு கொஞ்சம் திறந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கதவைத் திரும்பச் சாத்தினார். நான் கீழே வைத்த பையைக் கையில் எடுத்தேன். சங்கிலியைக் கழற்றத்தான் சாத்தினார் என்று பிறகுதான் விளங்கியது.

மகள் கிழமை முழுக்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கறெஸ்ட்டில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவாள், ஞாயிறு போவாள். பழைய சிநேகிதிகள் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். இருந்தவர்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள். "ஏன் போன் எடுக்கேல்லை?" என்று கேட்டேன். கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "என்னத்தைச் சொல்லுறது? நீ நினைச்சுக்கொண்டிருப்பாய், ரொசிட்சா தன்ர ஊரிலை தன்ர சனத்தோடை இருக்கிறாள் எண்டு. அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டன்" என்றார்.

அப்போது நான் அவருக்குச் சொன்னேன், அவர் பெயரில் நான் எழுதியதை எல்லாம். ஸ்டேஷன், ரேடியோ, இறைச்சி. எனக்கு ஜெர்மன் வராத இடத்தில் கையால் காட்டினேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். ரேடியோவைச் சொன்னதும் எழும்பிப் போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். உள்ளே ரேடியோ மெல்லிதாகப் பாடிக்கொண்டிருந்தது.

ஆனால் கோயில் மணி அடித்ததாக நான் எழுதியதைக் கேட்டு நன்றாகச் சிரித்தார். அதை வெட்டிவிடுங்கள் அண்ணா. நீங்கள் கேள்வி தந்துவிடவில்லை, ஆனாலும் அவர் தானாகவே சொன்னார், எழுதச் சொல்லி நின்றார். 1997 ஜூலை முதலாந் திகதி அவருக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். மற்ற நாளைப் போல வெயில், மற்ற நாளைப் போல வேலை. இலையுதிர் காலத்தில் ஒருநாள் பாண் கடையில் வரிசையில் நின்றபோது கவனித்தாராம், கடைக்காரி விலையை அழிக்கிற சோக்கட்டியால் எழுதாமல் பெயின்ற்றால் பலகையில் எழுதி ஆணி அடித்திருந்தாள். "அவள் நாளைக்கும் இதே விலைதான் எண்டு நம்பியிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் அழுதன். பின்னாலை நிண்ட மனிசன் பாண் முடிஞ்சுபோச்சோ எண்டு கேட்டார்." இது அவர் சொன்னது. ஒரு சொல்லும் என்னுடையதில்லை.

லெவ் காசு போன தை மாதத்தோடு கடைகளில் இல்லை, இப்போது எல்லாம் யூரோதான். சபையும் முடிந்தது. சந்தோஷமா என்று கேட்டேன். சோக்கட்டி திரும்ப வராதவரைக்கும் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் தனக்குச் சரி என்றார். புத்தகத்தில் தன் முழுப் பெயரையும் போட வேண்டுமாம், ரொசிட்சா இவனோவா.

மகளிடம் சொல்லி ஒரு புதுப் போன் வாங்கியிருக்கிறோம். என் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆவணியில் ஒரு மாதம் பீலுக்கு வந்து என்னோடு நிற்பேன் என்கிறார். வருவாரோ தெரியாது. ஸ்ரான்லிக்கும் இங்கிருந்து ஒரு கடிதம் எழுதினேன், சுகம் என்ற சொல் இல்லாமல். இன்னும் தபாலில் போடவில்லை. இன்றைக்குப் போடுவேன்.

நாளை மறுநாள் திரும்புகிறேன். வீடு குளிர்ந்துபோய் இருக்கும். கதவைத் திறந்ததும் முதலில் ஹீட்டரைப் போடுவேன். எனக்கு அந்த நேரம் பிடிப்பதில்லை அண்ணா, ஒருநாளும் பிடித்ததில்லை. சூடு ஏறும்வரை கோட்டோடேயே இருந்து உங்களுக்கு எழுதுவேன்.

செசீலியா